நான்கு பாட்டும் ஐந்நூறு பவுணும்

இசைத்தட்டொன்றை வெளிச்சத்திற் பிடித்துச் சற்றே சாய்த்துப் பார்ப்பவர் கண்ணுக்கு, ஓரத்திலே தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிச் செல்லும் கீறல் ஒன்று புலப்படும். மகாவித்துவானின் கச்சேரியாயினும் சரி, தெருப்பாடகனின் சிந்தாயினும் சரி, தட்டில் ஏறிய பின்னர் அந்தக் கீறலுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது. ஊசி அதன் வழியே ஓடும்போது பாட்டு மீண்டும் உயிர் பெறுகிறது. 1977ஆம் ஆண்டு சனவரி மாதம் 29ஆந் திகதி இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலிருந்து வெளிவந்த சிறிய தட்டொன்றுக்கு ‘ஸ்பைரல் ஸ்கிறாச்’ என்று பெயரிட்டிருந்தார்கள். சுருட்கீறல் என்பது அதன் பொருள். காதலையோ வீரத்தையோ குறிக்காமல், கையில் உள்ள பொருள் இன்னதென்று மாத்திரம் சொல்லும் பெயர் அது.

ஏழு அங்குல அகலம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுகள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்டால் ஏறக்குறைய பத்து நிமிடம். ஒரு பாட்டுத் தட்டுக்கும் நீண்ட தட்டுக்கும் இடைப்பட்ட இவ்வகையை ஆங்கிலத்தில் ‘ஈ. பி.’ என்று சுருக்கி அழைப்பர். ஒரு குவளை தேநீர் அருந்தும் நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சிறுதட்டைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விமரிசகர்களும் வரலாற்றாசிரியர்களும் எழுதி வந்திருக்கிறார்கள். பாட்டுகளின் இனிமைக்காக மாத்திரம் அவர்கள் எழுதவில்லை. இசைத்தட்டு வெளியிடும் உரிமை யாருக்கு உரியது என்ற பழைய கேள்விக்கு இத்தட்டு ஒரு புதிய விடை தந்தது. அதனாலேயே அதன் பெயர் நிலைத்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் இசைத்தட்டு வியாபாரம் பெரும்பாலும் இலண்டனில் இருந்த சில பெரிய கம்பனிகளின் கையில் இருந்தது. பாடகரைத் தெரிவு செய்பவர் கம்பனியின் அதிகாரி. பாட்டைத் தெரிவு செய்பவரும் பல வேளைகளில் அவரே. ஒலிப்பதிவுக் கூடம், தட்டு அச்சிடும் தொழிற்சாலை, கடைகளுக்குக் கொண்டு செல்லும் வண்டி, பத்திரிகை விளம்பரம் ஆகிய யாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பவன் எத்தனை நன்றாகப் பாடினாலும் அவன் குரல் அவனுடைய ஊர் எல்லையைத் தாண்டுவது அரிது. சிறு கம்பனிகளும் இருந்தனவாயினும், அவையும் வியாபாரம் தெரிந்தவர்கள் இலாபம் கருதி நடத்தியவை. பாடுகிற பிள்ளைகளே தங்கள் தட்டைத் தாங்களே செய்து விற்பது என்பது, நெசவாளி தானே கடை வைத்து, தானே தெருத்தெருவாகத் துணி சுமந்து விற்பது போன்ற காரியமாகவே கருதப்பட்டது.

நெசவை இங்கே நினைப்பது பொருத்தமே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம் மான்செஸ்ரர். அந்நகரின் புனித பீற்றர் திடலில் 1819ஆம் ஆண்டு வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலர் மாண்டனர். தானிய இறக்குமதிக்குத் தடையாயிருந்த சட்டங்கள் 1846ஆம் ஆண்டு, சேர் றொபேட் பீல் பிரதமராயிருந்தபோது நீக்கப்பட்டன. அந்த வெற்றியின் நினைவாக அதே திடலில் எழுப்பப்பட்டதே தடையற்ற வாணிப மண்டபம். வாணிபத்திலே சிலர் மாத்திரம் கதவடைத்து நிற்கக் கூடாது என்ற கொள்கைக்குக் கல்லிலே கட்டிய சாட்சி அது. அம்மண்டபத்தின் மேல்மாடியில் இருந்த சிறிய கூடமும், நகர நடுவிலே பிக்காடிலிப் பூங்காவில் நிற்கும் பீலின் சிலையும் இவ்வரலாற்றிலே மீண்டும் வரப்போகின்றன.

மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள போல்ற்றன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹவாட் டிவோற்றோ, பீற் ஷெலி என்னும் இரு மாணவர்கள் இருந்தார்கள். இரண்டுமே அவர்கள் தாமாகச் சூட்டிக்கொண்ட பெயர்கள். 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில், இசை வார ஏடொன்றில் ‘செக்ஸ் பிஸ்ரல்ஸ்’ என்ற புதிய குழுவைப் பற்றி வந்த ஒரு மதிப்புரையை அவர்கள் படித்தார்கள். படித்ததோடு நில்லாமல், இரவலாக ஒரு மோட்டார் வண்டியைப் பெற்றுத் தெற்கே சென்று அக்குழுவை நேரிலும் கண்டார்கள். நுட்பமான வாத்தியப் பயிற்சியைப் பொருட்படுத்தாமல், வேகமும் சினமும் கலந்து பாடிய அந்தப் பாணியே பின்னர் ‘பங்க்’ என்று பெயர் பெற்றது. ஊர் திரும்பிய மாணவர் இருவரும் மேலே சொன்ன மண்டபத்தின் சிறிய கூடத்தை வாடகைக்கு எடுத்து, யூன் 4ஆந் திகதி அக்குழுவை மான்செஸ்ரருக்கு அழைத்தார்கள்.

அன்று வந்த கூட்டம் மிகச் சிறிது. ஆனால் வந்தவர்களுட் பலர் பின்னாளில் தாமே குழுக்கள் அமைத்துப் புகழ் பெற்றார்கள். ஸ்ரீவ் டிகிள் என்னும் இளைஞர் வேறு யாரையோ சந்திப்பதற்காக மண்டபத்தின் வாசலில் நின்றிருந்தார். ஆள் மாறாட்டமாக உள்ளே அழைத்துச் செல்லப்பட்டவர், டிவோற்றோவையும் ஷெலியையும் அறிந்து அவர்களது குழுவிலேயே சேர்ந்துகொண்டார். பதினாறே வயதான ஜோன் மார் மத்தள வாத்தியத்துக்கு வந்து சேர்ந்தார். ‘பஸ்கொக்ஸ்’ என்று பெயர் கொண்ட இந்த நால்வர் குழு யூலை 20ஆந் திகதி அதே கூடத்திலே மேடையேறியது. பாடியவர் டிவோற்றோ, கிற்றார் வாசித்தவர் ஷெலி, தாழ்சுரக் கிற்றார் டிகிளுடையது.

ஆண்டு முடிவதற்குள் இலண்டனிலே புயல் எழுந்தது. திசெம்பர் 1ஆந் திகதி தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவினர் பேசிய தகாத வார்த்தைகள் நாடெங்கும் கண்டனத்தை எழுப்பின. அவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்த ஈ. எம். ஐ. கம்பனி அடுத்த மாதமே அவர்களைக் கைவிட்டது. தலைநகரத்துக் குழுவுக்கே இந்த நிலை என்றால், வடக்கே மான்செஸ்ரரில் இருந்த பெயரறியாத நால்வரை எந்தக் கம்பனி தேடி வரும்? ‘தன் கையே தனக்குதவி’ என்ற பழமொழியை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அதன்படியே நடந்தார்கள்.

ஷெலியின் தந்தையாரும் நண்பர்களும் தந்த கடனாக ஏறக்குறைய 500 பவுண் சேர்ந்தது. 1976ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆந் திகதி, மான்செஸ்ரரின் ‘இண்டிகோ’ ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினர் கூடினார்கள். பதிவை நெறிப்படுத்தியவர் உள்ளூர் இளைஞரான மாட்டின் ஹனெற். தட்டின் உறையில் தம் பெயரை ‘மாட்டின் ஸீறோ’ என்று குறித்துக்கொண்டார். பின்னர் ‘ஜோய் டிவிஷன்’ குழுவின் தட்டுகளை நெறிப்படுத்திப் பெரும் புகழ் பெற்றவர் இவரே. நான்கு பாட்டுகளையும் பதிய மூன்று மணி நேரமும், ஒலிகளைச் சமன்செய்து கலக்க மேலும் இரண்டு மணி நேரமும் எடுத்தன என்று டிவோற்றோ பிற்காலத்திற் கூறினார். பெரிய கம்பனிகளின் குழுக்கள் ஒரு நீண்ட தட்டுக்கு மாதக்கணக்காகக் கூடத்திலே அமர்ந்திருந்த காலம் அது.

தட்டை வெளியிடுவதற்கெனக் குழுவினரின் நண்பரும் முகாமையாளருமான றிச்சட் பூனோடு சேர்ந்து ‘நியூ ஹோமோன்ஸ்’ என்ற பெயரில் ஒரு வெளியீட்டு அமைப்பை ஏற்படுத்தினார்கள். அமைப்பு என்பது பெயருக்குத்தான். மாளிகையும் இல்லை, சிப்பந்திகளும் இல்லை. உறைக்கு வேண்டிய படத்தைப் பூனே உடனடிப் படப்பெட்டியால் எடுத்தார். எடுத்த இடம் பிக்காடிலிப் பூங்கா, சேர் றொபேட் பீலின் சிலையடி. தடையற்ற வாணிபத்துக்கு வழி திறந்த பிரதமரின் காலடியிலே, கம்பனிகளின் வாசலுக்குப் போகாமல் தாமே வியாபாரம் தொடங்கிய நால்வர் நின்றார்கள். அவர்கள் இதனை எண்ணித்தான் அங்கே நின்றார்களோ இல்லையோ, வரலாறு படிப்பவருக்கு அந்தப் படம் பொருள் பொதிந்ததாகவே தோன்றும்.

உறையின் பின்புறமோ அதனினும் முக்கியமானது. பாட்டின் பெயர்களோடு, ஒவ்வொன்றும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதியப்பட்டது, பின்னர் மேலதிகமாக ஏதும் சேர்க்கப்பட்டதா என்ற விபரங்களும் அங்கே அச்சிடப்பட்டிருந்தன. ‘பிறேக்டவுண்’ என்ற முதற்பாட்டு மூன்றாம் முறை வாசித்தது, மேற்சேர்க்கை எதுவும் இல்லை. ஏனைய மூன்றும் முதல் முறையே பதியப்பட்டவை. அவற்றிற் கிற்றார் மாத்திரம் பின்னர் சேர்க்கப்பட்டது. சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு விருந்தினரை உள்ளே அழைப்பது போன்ற செயல் இது. தட்டு செய்வது ஏதோ மந்திர வித்தை என்று எண்ணியிருந்த ஓர் இளைஞன் இதைப் படித்தால், ‘மூன்று தரம் வாசித்தால் ஒரு பாட்டா? அப்படியானால் நாமும் முயலலாமே’ என்றுதான் நினைப்பான். அப்படி நினைத்தவர் ஒருவர் இருவர் அல்லர்.

பாட்டுகளின் தன்மையையும் சிறிது நோக்க வேண்டும். இரண்டாம் பக்கத்திலுள்ள ‘போர்டம்’ என்பது சலிப்பைப் பற்றிய பாட்டு. அதன் நடுவிலே கிற்றார் தனித்து ஒலிக்கும் இடம் ஒன்று வருகிறது. அக்காலக் கிற்றார்க் கலைஞர் இத்தகைய இடத்தில் தம் விரல் வித்தையெல்லாம் காட்டி, சுரங்களை மழையாகப் பொழிவது வழக்கம். ஷெலியோ இரண்டே இரண்டு சுரங்களை எடுத்துக்கொண்டு, அறுபது தடவைக்கு மேலாக மாறி மாறி வாசித்தார். அவசர ஊர்தியின் மணியோசைபோல அது ஓயாமல் ஒலிக்கிறது. கேட்பவர் பொறுமை எல்லையைத் தொடும் வேளையில், இறுதியில் ஒரே ஒரு சுரத்தாற் சற்றே திரும்பி முடிகிறது.

பங்க் குழுக்கள் மீது அந்நாளில் ஓயாமற் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது. அவர்கள் பழைய இசையைக் குறை கூறுவதைக் கேட்டவர்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை என்றே கருதினார்கள். பழைய அளவுகோலை வைத்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு சுர வாசிப்பு அக்குற்றத்துக்கு நேரடிச் சான்றாகவே தோன்றும். ஆனால் பாட்டின் பொருளோடு சேர்த்துக் கேட்பவருக்கு வேறொன்று விளங்கும். சலிப்பைப் பாடும் பாட்டிலே கிற்றாரும் சலித்துப்போகிறது. அதே வேளையில் வித்தை காட்டும் வழக்கத்தையும் அது கேலி செய்கிறது. சொல்லும் சுரமும் ஒரே நகைச்சுவையிற் பங்கு கொள்கின்றன. தெரியாமையால் நேர்ந்ததா, தெரிந்தே செய்ததா என்ற வினாவை எழுப்பி, விமரிசகரின் அளவுகோலையே விசாரணைக் கூண்டில் ஏற்றியது அந்த இடம். பிற்கால விமரிசகர்கள் இத்தட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் அங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

முதலில் அச்சிடப்பட்டவை 1,000 தட்டுகள். தபால் மூலமும், இலண்டனில் 1976இலே தொடங்கப்பட்ட ‘றஃப் ட்றேட்’ போன்ற கடைகள் மூலமும் அவை விற்பனையாயின. ‘வேர்ஜின்’ கடைத்தொகுதியின் மான்செஸ்ரர்க் கிளை முகாமையாளர் சில பிரதிகளை வாங்கி வைத்ததோடு, பிற ஊர்க் கிளைகளின் முகாமையாளர்களையும் வாங்கத் தூண்டினார். ஆயிரமும் விரைவில் தீர்ந்து, மீண்டும் மீண்டும் அச்சிட நேர்ந்து, மொத்த விற்பனை 16,000 வரை உயர்ந்தது. பட்ட கடன் தீர்ந்தது. பெரிய கம்பனிகளின் கணக்கிலே இது சிறு தொகை. ஆனால் விளம்பரமும் விற்பனையாளர் படையும் இல்லாத நால்வருக்கு இத்தனை ஆயிரம் பேர் கிடைத்தார்கள் என்ற செய்தி, பாட்டைக் காட்டிலும் வேகமாகப் பரவியது.

ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதுபவர் பேனாவால் எழுதுகிறார். இத்தட்டுக்கு வந்த மதிப்புரைகளுள் மிகப் பயன் விளைத்தவை தட்டுகளாகவே வந்தன. அதே 1977ஆம் ஆண்டில் இலண்டனிலே ‘டெஸ்பறேற் பைசிக்கிள்ஸ்’ என்னும் குழு தன் முதல் தட்டைத் தானே வெளியிட்டது. ஆன செலவு 153 பவுண். இது எளிது, செலவும் குறைவு, நீங்களும் செய்யுங்கள் என்ற கருத்தை அவர்கள் பாட்டாகவும் பாடினார்கள். 1978இலே ‘ஸ்கிறிற்றி பொலிற்றி’ என்ற குழு, தன் தட்டின் உறையிலே பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே அச்சிட்டது. முன்னவர்கள் எத்தனை தரம் வாசித்தோம் என்று சொன்னார்கள். பின்னவர்கள் எவ்வளவு செலவழித்தோம் என்றும் சொன்னார்கள். திறந்த கதவு மேலும் அகலத் திறந்தது.

ஸ்கொற்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே எட்வின் கொலின்ஸ் என்பவரின் ‘ஓறேஞ் ஜூஸ்’ குழு, ‘போஸ்ற்காட்’ என்னும் சிறு வெளியீட்டின் மூலம் 1980இலே தன் முதல் தட்டை வெளியிட்டது. பங்க் இசையின் சினத்தை விடுத்து, மெல்லிய காதலையும் கூச்சத்தையும் பாடிய குழு அது. ஆயினும் தன் மூதாதையரை அது மறக்கவில்லை. 1983இலே பிரித்தானிய விற்பனை வரிசையில் எட்டாம் இடம் வரை சென்ற ‘றிப் இற் அப்’ என்ற பாட்டிலே, ‘போர்டம்’ பாட்டைப் பெயர் சொல்லிப் போற்றியதோடு, அந்த இரண்டு சுரக் கிற்றாரையும் அப்படியே எடுத்து ஒலிக்கவிட்டது. மாணவன் ஆசிரியருக்குச் செலுத்திய வணக்கம் போன்றது இது.

இதற்கிடையில் இத்தகைய வெளியீடுகளின் தொகை பெருகியமையால், 1980ஆம் ஆண்டு சனவரி முதல் அவற்றுக்கெனத் தனி விற்பனை வரிசையே பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. ‘இன்டிபென்டன்ற்’ என்ற சொல் குறுகி ‘இண்டி’ ஆயிற்று. தமிழில் இதற்குச் சுயேச்சை என்பது பொருத்தமான சொல். தேர்தலிலே கட்சிச் சின்னம் இன்றித் தன் பெயரால் நிற்பவரைச் சுயேச்சை வேட்பாளர் என்பது போல, கம்பனியின் சின்னமின்றி நின்ற இசை இது. 1986இலே ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறஸ்’ ஏடு இருபத்திரண்டு சுயேச்சைக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து ‘சி 86’ என்ற ஒலிநாடாவை வெளியிட்டது. அதன் பின்னர் ‘இண்டி பொப்’ என்பது ஓர் இசைப் பாணிக்கே பெயராகிவிட்டது. வியாபாரம் செய்யும் முறைக்கு இட்ட பெயர் பாட்டின் சுவைக்குப் பெயரானது விந்தையான மாற்றமே.

புகழுரையோடு மறுப்புரையையும் கேட்பது நியாயம். சுயேச்சை வெளியீடு இத்தட்டோடு பிறந்தது என்று சொல்வது பொருந்தாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்திலே ‘பேர் உபு’ குழு 1975இலும், அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனிலே ‘செயின்ற்ஸ்’ குழு 1976இலும் தத்தம் தட்டுகளைத் தாமே வெளியிட்டிருந்தன. இங்கிலாந்தின் முதற் பங்க் தட்டாகக் கொள்ளப்படும் ‘டாம்ட்’ குழுவின் ‘நியூ றோஸ்’, 1976 ஒக்ரோபரில், ‘ஸ்ரிஃப்’ என்ற சிறு கம்பனியால் வெளியிடப்பட்டது. ஆகவே பஸ்கொக்ஸ் குழுவுக்கு உரிய பெருமையை அளந்தே கொடுக்க வேண்டும்: இங்கிலாந்தின் பங்க் குழுக்களுள் கம்பனியை நாடாமல் தன் தட்டைத் தானே வெளியிட்ட முதற்குழு அது.

இன்னொரு மறுப்பு இதனினும் கூர்மையானது. தட்டு வெளிவந்து சில வாரங்களுக்குள் டிவோற்றோ குழுவை விட்டு விலகினார். ‘மகசீன்’ என்ற வேறொரு குழுவைப் பின்னர் அமைத்தார். ஷெலி பாடகராகி, குழு தொடர்ந்தது. ஆனால் 1977ஆம் ஆண்டு ஓகஸ்ற் 16ஆந் திகதி, எல்விஸ் பிறெஸ்லி மறைந்த அதே நாளில், அக்குழு ‘யுனைற்றெட் ஆட்டிஸ்ற்ஸ்’ என்னும் பெரிய கம்பனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சுயேச்சையாக நின்றவர் வென்ற பின் கட்சியிற் சேர்ந்தது போலல்லவா இது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவர்கள் கொள்கைப் பிரகடனம் எழுதிக் கையொப்பமிட்டவர்கள் அல்லர். கதவு அடைத்திருந்தபோது வேறு வழி கண்டவர்கள். வழி கண்டவர் அதிலேயே என்றும் நடக்கவில்லை என்பதற்காக வழி இல்லாமற் போய்விடாது. மற்றவர்கள் நடந்தார்கள்.

கம்பனி மூலம் வந்த பாட்டுகளால் குழுவின் பெயர் பரவிய பின்னர், 1979 ஓகஸ்றில் ‘ஸ்பைரல் ஸ்கிறாச்’ மறுபடியும் வெளியிடப்பட்டு, பிரித்தானிய விற்பனை வரிசையின் 31ஆம் இடத்தை அடைந்தது. முதல் வெளியீட்டின்போது பொது வரிசையில் ஏறாத தட்டு, இரண்டரை ஆண்டு கழித்து ஏறியது. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு இன்னும் பிந்தி வந்தது. பங்க் இசையின் வரலாற்றை 1991இலே விரிவாக எழுதிய ஜோன் சவேஜும், அதன் பின்வந்த இசையைப் பற்றி 2005இலே நூல் எழுதிய சைமன் றெனல்ட்ஸும், தலைநகரத்தின் கம்பனிகளுக்கு அப்பால் இசை வளர்ந்த கதையிலே இத்தட்டுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். றெனல்ட்ஸின் நூலுக்குப் பெயராக அமைந்தது, மேலே சொன்ன ஓறேஞ் ஜூஸ் பாட்டின் வரியே.

மாட்டின் ஹனெற் 1991இலும், பீற் ஷெலி 2018 திசெம்பர் 6ஆந் திகதி எஸ்தோனியாவின் தலைநகரான தாலினிலும் காலமானார்கள். அதற்கு முந்திய ஆண்டிலே, தட்டு வெளிவந்து நாற்பது ஆண்டு நிறைவெய்தியதையொட்டி, ‘டொமினோ’ என்னும் சுயேச்சை வெளியீட்டு நிறுவனம் அதனை மீண்டும் அச்சிட்டது. ஐந்து மணி நேர வேலையும், தந்தையும் நண்பரும் நம்பிக் கொடுத்த கடனும் கொண்டு செய்த காரியம் அது. ‘மூன்றாம் முறை, மேற்சேர்க்கை இல்லை’ என்ற உறைக் குறிப்பைப் படித்துவிட்டு, வாடகை எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு என்று கடுதாசித் துண்டிலே கணக்குப் போட்டுப் பார்த்த இளைஞரின் தொகையை எந்த விற்பனை வரிசையும் குறித்து வைக்கவில்லை. அந்தக் கணக்குகளிலிருந்து பிறந்த தட்டுகளோ இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.